யூ எழுத்தைக் காணோம்

டேய் சுந்தரா,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை எல்லாம் மொத்தமாகச் சேர்த்து வை, ஊருக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மா மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் மாடி ஏறுகிறார்கள் என்று உன் தம்பி சொன்னான், சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம், குளிர் ஆரம்பித்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்பெல்லிங் டெஸ்ட், மூன்றாம் வகுப்பு. கிராமர் சாரிடம் முட்டியில் அடி வாங்கிப் படித்தவன் என்ற திமிரில் முந்தின ராத்திரி நானே உட்காரவைத்து, கலர் என்றால் கடைசி ஆருக்கு முன்னால் யூ வரும் என்று பத்துத் தடவை எழுதவைத்தேன். மறுநாள் சிவப்பு வட்டத்தோடு வந்து நின்று "அப்பா, உங்க இங்கிலீஷ் தப்பு" என்கிறாள். நீ சிரிப்பாய் என்று தெரியும், தயவுசெய்து அந்த 'நெசசரி' கதையை இப்போது எடுக்காதே.

இந்த அமெரிக்காவில் கலருக்கு யூ கிடையாதாம். அந்த யூவைத் தூக்கியவன் எவன் என்று கோபத்தில் தேட ஆரம்பித்து, ஒரு வாரமாக ராத்திரி தூக்கம் இல்லை. நோவா வெப்ஸ்டர். ஆமாம், நம் லைப்ரரியில் தலையணை மாதிரி கிடந்த அகராதியின் அதே வெப்ஸ்டர். கனெக்டிகட்டில் வாத்தியார் வேலை பார்த்த பையன். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து இங்கிலாந்தோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1783இல், குழந்தைகளுக்கு ஒரு ஸ்பெல்லிங் புத்தகம் போட்டுவிட்டான். சண்டையில் ஜெயித்தாயிற்று, இன்னும் எதற்கு லண்டன் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்ட வேண்டும் என்பது அவன் கட்சி. நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் நூறு வருஷத்துக்கு மேல் கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. பொது மொழிதான் நாட்டைக் கட்டிவைக்கும் கயிறு என்று 1789இலேயே எழுதியிருக்கிறான், யோசித்துப் பார், வாஷிங்டன் ஜனாதிபதி ஆன வருஷம் அது. யூ இல்லாத கலர் அவன் கண்டுபிடித்ததும் இல்லை, இங்கிலாந்திலேயே இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டிருந்தார்கள், இவன் ஒன்றைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். மியூசிக்கின் வாலில் தொங்கிய கே போனது. ஆனால் நாக்குக்கு டி-யூ-என்-ஜி போதும் என்றபோது ஊர் கேட்கவில்லை. கிராமர் சாரைவிடப் பிடிவாதக்காரன்!

பெரிய அகராதி 1828இல் வந்தபோது அவருக்கு 70 வயது (இதற்குமேல் 'அவன்' போட மனசு வரவில்லை). எழுபதாயிரம் சொற்கள், இருபது வருஷத்துக்கு மேல் உழைப்பு. விலை 20 டாலர், மெதுவாகத்தான் விற்றது. 'அமெரிக்க' அகராதி என்று பெயர் வைத்த அந்தப் புத்தகத்தை அவர் எழுதி முடித்த இடம் எது தெரியுமா? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்!

அவருடைய நியூ ஹேவன் வீட்டை இடிக்கப் போனபோது ஹென்றி ஃபோர்டு வாங்கிப் பிரித்து, எங்கள் பக்கத்து டியர்பார்னில் கொண்டுவந்து மறுபடி நிறுத்திவைத்திருக்கிறார். சனிக்கிழமை சின்னவளைக் கூட்டிப் போனேன், மனுஷனிடம் நியாயம் கேட்கலாம் என்று. அவள் இரண்டு அறையைச் சுற்றிவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள்.

எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது வேறு ஆள். ஃபிரெடரிக் டக்ளஸ், மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர், படிக்கக் கூடாது என்று எஜமான் தடுத்த பையன். அவர் எழுத்துப் பழகியது இதே வெப்ஸ்டர் புத்தகத்தில்தான், அதில் இருந்த சாய்வெழுத்துகளைப் பார்க்காமல் எழுத வரும்வரை திரும்பத் திரும்ப எழுதியே. நாட்டை ஒன்றாக்கத்தான் புத்தகம், அந்த நாட்டில் அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை, அவரோ அதை வைத்தே கை பழகி, பின்னால் அந்த நாட்டையே கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்த வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தில் "நீயும் மாறிவிடப்போகிறாயா?" என்று ஒரே வரி கேட்டிருந்தாய். பதில் போடாததற்கு வேலை, அலைச்சல் எல்லாம் சாக்குடா, நிஜக் காரணம் அதுதான். குடியுரிமைப் பாரம் பாதி நிரப்பியபடி மேஜையில் கிடக்கிறது. உறுதிமொழியில் பிற நாட்டு விசுவாசத்தை முழுக்கத் துறக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சின்னவள் இங்கேயே பிறந்தவள், எதையும் துறக்காமலே யூவை விட்டுவிட்டாள். நான் நேற்று மளிகைப் பட்டியலில் ஃபிளேவர் என்று எழுதி, கை தானாக யூவைப் போட்டது. அடித்துவிட்டு, மறுபடி போட்டேன்.

பாரம் இன்னும் பாதியில்தான் இருக்கிறது. கிராமர் சார் இப்போது மகன் வீட்டிலா, பழைய வீட்டிலா? விலாசம் அனுப்பு. இந்தச் சிவப்பு வட்டத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பப்போகிறேன், அடிப்பதானால் தபாலில் அடிக்கட்டும்.

உன்,
முட்டி வீங்கி