எந்த வலிக்குப் பயப்படணும் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் குழந்தைப்பேறு சிகிச்சை மையம் நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். எங்கள் மைனிக்கு, அண்ணன் மனைவிக்கு, போன மாதம் வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பைக்குள் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஓர் இரவு, மாதவிலக்கு வரப்போவது போல அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பையில் இருந்தது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவமும் மாத்திரைச் சீட்டும்தான். சீட்டில் இருந்த எண்ணுக்கு அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தான், யாரும் எடுக்கவில்லை. எழுந்தால் கரு நழுவிவிடும் என்று பயந்து, மூத்திரம் முட்டியும் மைனி விடியும்வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. "ஒண்ணும் ஆகாது மக்ளே" என்று அம்மா காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்ன வலி என்று அம்மாவுக்கும் தெரியாது.

காலையில் போனபோது நர்ஸ் சொன்னார்: "கரு தங்க ப்ரொஜெஸ்ட்ரான்னு ஒரு மருந்து போடுறோம்லா, அதுல வயிறு இழுக்கும், உப்பும். எழுந்து நடந்தா கரு விழாது." இதை முதல் நாளே சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. முட்டை வளர ஊசி போடும்போது சினைப்பை பெரிதாகி வயிறு கனக்கும். முட்டை எடுத்தபின் ஓரிரு நாள் வலிக்கும். கரு வைக்கக் குழாய் செலுத்தியதாலும் லேசாகப் பிடிக்கும். கர்ப்பம் உறுதியான பிறகும் கருப்பை பெரிதாகத் தொடங்குவதால் இழுக்கும், மலச்சிக்கல் சேர்ந்தால் கூடும். ஆனால் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்பட்டையில் வலி, மயக்கம் என்றால் கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். கருப்பைக்குள் வைத்த கருவுக்கும் அப்படி நேர்வது உண்டு. வயிறு வேகமாக உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் முட்டை வளரப் போட்ட ஊசியால் சினைப்பை அளவு மீறி வீங்கியிருக்கலாம். வலியோடு இரத்தப்போக்கு கூடினால் கரு கலைகிறதா என்று உடனே பார்க்கவேண்டும். பேச்சிப்பாறை மலையில் இருக்கும் ஒரு பெண், 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா, விடியும்வரை பொறுப்பதா என்று நடுராத்திரியில் எப்படி முடிவு செய்வாள்? கையில் இருக்கும் வலி மாத்திரையைப் போடலாமா, கூடாதா என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பக்கவிளைவுகளையும் ஆபத்துகளையும் தம்பதிக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2021-ல் வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்குவது தெரிவிப்பதாகுமா?

நகையை அடகு வைத்துத்தான் பலர் உங்களிடம் வருகிறார்கள். கரு தங்கவில்லை என்றால் மாவாட்டினாள், மாடி ஏறினாள் என்று பழி அந்தப் பெண்மேல்தான் விழுகிறது. வீட்டு வேலை செய்ததால் கரு கலையாது என்று அவள் மாமியாரையும் உட்காரவைத்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பேச்சு பாதி அடங்கும். அதற்கும் உங்களுக்கு நேரமில்லை என்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். எந்த வலி சாதாரணம், எதற்கு உடனே வரவேண்டும், எந்த மாத்திரை கூடாது என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். ஊசி தொடங்கும் நாளிலேயே படித்துக் காட்டிக் கொடுங்கள். அதில் இரவிலும் ஆள் எடுக்கிற ஒரு எண் இருக்கட்டும். அடுத்த மாதம் மைனி மறுபடி வருவார், அவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு நாத்தனார்