ஜெப ஐக்கியத்தின் ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான தலைவர் ஐயா அவர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் வாரக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. உபவாச ஜெபம், நோயாளிகளைச் சந்தித்தல், கிறிஸ்துமஸ் ஆராதனை எல்லாம் வழக்கம்போல.

விரிவாகச் சொல்ல வேண்டியது, சமாதானமும் பொறுமையும் என்ற தலைப்பில் நடந்த வேதபாடத்தைப் பற்றி. இதை நான் முன்மொழிந்தபோது, தெரிந்த விஷயம்தானே, இதற்கு ஒரு வருஷமா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். தெரிந்ததுதான். ஆவியின் கனியில் சமாதானத்தையும் பொறுமையையும் சொல்லும் கலாத்தியர் 5:22-ஐ நம் பிள்ளைகள்கூட மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ஜெபம் முடிந்த கையோடு, வாசலைத் தாண்டுவதற்குள் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் போகிறவர்களை நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் பிடிவாதமாக நின்றேன்.

யோசேப்பிலிருந்து ஆரம்பித்தோம். 17 வயதில் ஆடு மேய்த்த பிள்ளை, எகிப்தின் ராஜாவான பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது 30. இடையில் குழி, அடிமைத்தனம், செய்யாத குற்றத்துக்குச் சிறை, அதிலும் கூடச் சிறையிலிருந்து விடுதலையான பார்வோனின் பானபாத்திரக்காரர் அவரை மறந்துபோனதால் இன்னும் 2 வருஷம். ஆனாலும் யோசேப்பு வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, தன்னை நினைத்துக்கொள்ளும்படி அந்த மனிதரிடம் கேட்டுத்தான் அனுப்பினார். பொறுமை என்றால் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அது பொறுமை இல்லை, கசப்பு. ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுலும் அப்போது காவலில்தான் இருந்தார், விடுதலை கிடைத்த பிறகு எழுதியதல்ல அது.

மத்தேயு 5:23-24 படித்த வாரம் நடந்ததை நான் பதிவு செய்தே ஆக வேண்டும். சகோதரனுக்கு உன்பேரில் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்ற பகுதி. காணிக்கைப் பை வந்தபோது ஒரு அக்கா மடித்து வைத்திருந்த நோட்டைப் போடவில்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, வெகுகாலமாகப் பேசாமலிருந்த இன்னொரு சகோதரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, நாங்கள் பாட்டைத் தொடர்ந்தோம். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வந்து காணிக்கை போட்டார்கள். இந்தப் பாடம் தேவையா என்று கேட்டவர்கள் அன்றைக்கு வந்திருக்க வேண்டும்.

வராதவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேர்கூட ஒழுங்காக வருவதில்லை, செயற்குழுவில் இருப்பவர்களும் இதில் அடக்கம். சந்தா பாக்கியும் நிறைய. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. மத்தேயு 18:15 தனித்துப் பேசச் சொல்கிறது, அப்படியே ஒவ்வொருவரிடமும் பேசியிருக்கிறேன். இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லும் அடுத்த வசனத்துக்குத் தேவை வராது என்று நம்புகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் எழுதி வைத்திருக்கிறார். செலவு போகக் கையிருப்பு சொற்பம், கடன் இல்லை. ரசீதுகளை யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

செய்தி கொடுத்த போதகர் ஐயாவுக்கும், பாடல் நடத்தியவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்த வாலிபப் பிள்ளைகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் யாக்கோபு நிருபத்தை எடுக்கிறோம். நிலத்தின் பலனுக்காக முன்மாரி பின்மாரி வரும்வரை காத்திருக்கும் பயிரிடுகிறவன் 5-ம் அதிகாரத்தில் வருகிறான், அங்கே நிதானமாக நின்று படிக்க ஆசை. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். இல்லை, நானே தொடர வேண்டும் என்றால், பாடம் நடத்த இரண்டு பேர் எனக்கு வேண்டும். விருப்பமுள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்திலேயே இருப்பார்.