மில் விடுதியைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஒரு நூற்பாலை அதிபரின் கொடைகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். கல்லூரி, கண் சிகிச்சை முகாம், கோயில் திருப்பணி எல்லாம் அவர் செய்தவை. எழுதியதில் தவறில்லை. ஆனால் அதே பட்டியலில் ‘ஏழைப் பெண்களுக்கு இலவச விடுதி’ என்று ஒரு வரி. அதை எப்படி அச்சேற விட்டீர்கள்?

மில் விடுதி எதற்கென்று உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று ஷிப்டு ஓடும் மில்லில் ஆள் குறைந்தால் நூல் சுற்றும் ஸ்பிண்டில் சும்மா நிற்கும். காம்பவுண்டுக்குள்ளேயே விடுதி இருந்தால் நடுராத்திரியிலும் கதவைத் தட்டி ஆள் எடுக்கலாம். அது உற்பத்திச் செலவு. அதிலும் சாப்பாட்டுக்கென்று சம்பளத்தில் பிடித்த மில்கள் உண்டு.

அந்த விடுதிகளை நிரப்பியது எது? ‘சுமங்கலி திட்டம்’. மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஊர் ஊராகப் புரோக்கர்கள் சொல்லிப் பெண்களைக் கூட்டிவந்தார்கள். நாற்பதாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 36 மாதம், மாதத்துக்கு 26 ஷிப்டு, மொத்தம் 936 ஷிப்டு. வகுத்தால் ஷிப்டுக்கு 43 ரூபாய்கூட வராது. அதுவும் பரிசல்ல, நாள்தோறும் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி. உடம்புக்கு முடியாமல் இரண்டரை வருடத்தில் வீடு திரும்பிய பெண்ணுக்கு அதுவும் கிடைக்காது. வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 1972 சட்டம் ஐந்து வருடத் தொடர் வேலை கேட்டது. மூன்று வருடத்தோடு கணக்கு முடித்தால் அந்தப் பேச்சே எழாது.

வேலையையும் சொல்ல வேண்டும். நூல் முறுக்கிச் சுற்றும் ரிங் பிரேம் இயந்திரத்தில் நூல் அறுந்தால் முழங்காலால் பிரேக்கை அழுத்தி ஸ்பிண்டிலை நிறுத்தி, நூல் சுற்றிய பாபினில் நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சிறு கம்பி வளையத்தில் மாட்டி, மேலே நூலுக்கு வழிகாட்டும் லேப்பட் கொக்கி வழியாகக் கொண்டுபோய் முன்ரோலரில் இறங்கும் பஞ்சோடு ஒட்ட வேண்டும். சில நொடி வேலைதான். ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே அதைச் செய்ய வேண்டும். ஜன்னல் திறக்க மாட்டார்கள். ஈரப்பதம் 55, 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நூல் அதிகம் அறும். புழுக்கத்தில் நிற்கிறவளுக்காக அல்ல, நூலுக்காக வைத்த ஈரம் அது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமிலும், அதைச் சீவும் கார்டிங்கிலும் தூசி இன்னும் மோசம். வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது பிசினோசிஸ் என்ற பஞ்சுத் தூசி நுரையீரல் நோயின் அடையாளம். தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ள நோய்தான். ஆனால் அது முற்றப் பல வருடம் ஆகும். அதற்குள் அவள் ஊர் திரும்பியிருப்பாள். எந்த மில்லில் வந்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பாள்?

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சொந்தத் தொழிலாளருக்கென்றே செய்வது அதில் சேராது என்கிறது விதி. நியாயமான விதி. தொழிலாளிக்குச் செய்வது கடமை. சட்டமே ஏற்காததை உங்கள் பத்திரிகை தர்மமென்று எழுதுவது எனக்கு வலிக்கிறது.

கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை கொடையாளர் கட்டுரை போடும்போது பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வேண்டும். நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர், பி.எப்., ஈ.எஸ்.ஐ. எத்தனை பேருக்கு, விடுதிப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாமா என்று அதில் போடுங்கள். ஆறு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் மேஸ்திரி,
பல்லடம்.