பிரசவ அறைக்குப் பின்னால் இருக்கும் குழியைப் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். எங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவக் கழிவு கொட்டப்படும் பின்புறக் குழியை நீங்கள் இருவரும் அறிவீர்கள். கிராம சபைத் தீர்மானத்தின் நகல் உங்கள் அலுவலகங்களில் இருக்கிறது. மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்ற பதில் எங்களிடம் இருக்கிறது. ஆகவே பழைய விவரங்களை மறுபடி அடுக்கப் போவதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: புதிய பிரசவப் பிரிவுக்குக் கடைக்கால் தோண்டும் முன், இந்த நிலையத்தின் கழிவும் கழிவுநீரும் எங்கள் மண்ணையும் நிலத்தடி நீரையும் எந்த அளவுக்குப் பாதித்திருக்கின்றன என்று முறையாக ஆய்வு செய்து, அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

சென்ற கார்த்திகை அடைமழையில் அந்தக் குழி நிரம்பி வழிந்தது. கழிவு வண்டி வராத நாட்களில், நஞ்சுக்கொடி போன்ற கழிவைக் கட்டிவைக்கும் மஞ்சள் பைகள் அதற்குள்தான் போகின்றன. மழை விட்ட காலையில், முந்தின இரவு பிள்ளை பெற்ற மகளுக்கு வெந்நீர் வாங்கப் போன ஒரு தாய், சுற்றுச்சுவர் இடிந்த பக்கமாக ஒரு நாய் நஞ்சுக்கொடியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். அது தம் மகளுடையதா என்று செவிலியரிடம் கேட்டார். செவிலியரால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் பிள்ளை பெற்ற காலத்தில், நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிட்டு வா என்று மருத்துவச்சி ஆளைத் திரும்பத் திரும்ப எச்சரித்து அனுப்புவார். அந்தக் கவனம்கூட அரசு நிலையத்தில் இல்லையே என்று அந்த அம்மா அழுதார். நாற்றம் தாங்காமல் சன்னல்களை அடைத்துவிட்டதால், புழுங்கும் அறையில் பச்சைக் குழந்தையோடு கிடந்த மகளை, 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும் என்று செவிலியர் எவ்வளவோ மன்றாடியும் கேளாமல், அன்று மாலையே வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கால் உயிருக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் செவிலியர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன என்றால், வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடந்த கிராம சுகாதார செவிலியர்கள் சம்பாதித்துத் தந்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை ஒரு குழி கரைத்துக்கொண்டிருக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதம்.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 முதல் நடைமுறையில் உள்ளன. பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், பல மருத்துவமனைகளின் கழிவையும் வாங்கி ஓரிடத்தில் அழிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை எட்டாத ஊர்களில் மட்டுமே ஆழப் புதைக்கலாம் என்றும் அவை சொல்கின்றன. அப்படிப் புதைப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. குழி 2 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். விலங்குகள் நெருங்கக் கூடாது. அருகில் ஆழமில்லாத கிணறு இருக்கக் கூடாது. குழியின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது 6 மீட்டருக்கு நிலத்தடி நீர் இருக்கக் கூடாது. அதாவது தரையிலிருந்து 8 மீட்டர், ஏறக்குறைய 26 அடி வரை நீர் தென்படக் கூடாது. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் 10 அடியிலேயே நீர் நிற்கும். ஊராட்சிக் கிணறு அந்தச் சுற்றுச்சுவருக்கு மறுபக்கம் இருக்கிறது. கர்ப்பிணிகளைக் கொதிக்க வைத்த நீரையே குடிக்கச் சொல்லும் நிலையத்தின் நிழலில்தான் அந்தக் கிணறும் இருக்கிறது.

வண்டி வராத வாரங்களில் கையுறைகளும் குழாய்களும் பின்மூலையில் எரிக்கப்படுகின்றன. மருத்துவக் கழிவை எரிக்கும் உலையின் இரண்டாம் அறையில் 1050 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும் என்று விதி வகுத்ததற்குக் காரணமே, குறைந்த வெப்பத்தில் குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உருவாகி, காற்றிலும் தீவனத்திலும் கலந்து, உடல் கொழுப்பில் தங்கி, கடைசியில் தாய்ப்பாலில் வந்து சேர்கிறது என்பதுதான். புதன்கிழமை தோறும் கைக்குழந்தைகளோடு தடுப்பூசிக்கு வரும் தாய்மார்கள் அந்தப் புகைக்கு எதிரே வரிசையில் நிற்கிறார்கள்.

கட்டும் முன் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயச் சொல்லும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்குப் பொருந்தாது, எனவே ஆய்வு தேவையில்லை என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றைச் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மாநிலம் முழுவதும் ஊருக்கு ஊர் பிரசவப் பிரிவுகள் கட்டப்படுகின்றன. படுக்கைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பீடு இருக்கிறது, கழுவிவிடும் நீர் எங்கே போகும் என்பதற்கு வரைபடத்தில் ஒரு கோடு இல்லை. சுகாதாரத் துறையைக் கேட்டால் வாரியம், வாரியத்தைக் கேட்டால் கழிவு வண்டி அனுப்பும் ஒப்பந்த நிறுவனம், அவர்களைக் கேட்டால் சாலை சரியில்லை, சாலையைக் கேட்டால் ஊராட்சி. இந்தச் சுற்றில் பொறுப்பு யார் கையிலும் நிற்பதில்லை. உங்கள் இருவருக்கும் ஒரே கடிதமாக இதை எழுதியதும் அதனால்தான்.

கோபத்தில் சில வரிகள் கடுமையாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய கட்டடம் எங்களுக்கு வேண்டும். எங்கள் பெண்களுக்கு அது அவசியம். அதற்கு முன்பாக, ஊராட்சிக் கிணற்றிலும் நிலையத்தைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். குழியை விதிப்படி மூடுங்கள். வண்டி எந்தெந்த நாளில் வரும் என்று நிலைய வாசலில் எழுதிவையுங்கள். வராத நாளில் யாரிடம் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரசவ அறை நீர் நேரே ஓடைக்குப் போகாமல் கிருமி நீக்கிய பின்பே வெளியேறும்படி புதிய வரைபடத்தில் இடம் ஒதுக்குங்கள். மாதிரி எடுக்க வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், ஒவ்வொரு கிணற்றையும் காட்ட ஊரார் உடன் வருவோம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் ஆய்வு முடிந்து, அறிக்கை மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நிலையத்தின் பின்தெருவில் குடியிருப்போர் சார்பாக