குரூப் பாலிசி வரட்டும், மனுவை மடித்து வைக்காதீர்கள்

கடலூர், நம் வட்டாரச் சிறு வணிகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுத் தீர்மானங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. உறுப்பினர் குடும்பங்களுக்கெல்லாம் தனியார் கம்பெனி ஒன்றில் 3 லட்சத்துக்கு குரூப் மெடிக்ளைம், அதாவது எல்லோருக்கும் சேர்த்து ஒரே மருத்துவக் காப்பீட்டு பாலிசி, எடுக்கப் போகிறோம் என்பது ஒன்று. நம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் ஒரு டாக்டர் இருக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதாக இருந்த மனு, ‘பாலிசி வந்துவிடுவதால் இப்போதைக்கு அவசியமில்லை’ என்று ஒத்திவைக்கப்பட்டது இன்னொன்று. முதல் தீர்மானத்தில் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன, எதிர்ப்பு இல்லை. இரண்டாவதை எதிர்க்கிறேன். சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

என்னுடையது மருந்துக்கடை என்பது உங்களுக்குத் தெரியும். சுகாதார நிலையத்தில் இரவிலும் டாக்டரும் இலவச மாத்திரையும் கிடைத்தால் என் கல்லாவில்தான் இடிக்கும். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், பிறகு யாரும் உள்நோக்கம் தேட வேண்டாம்.

பாலிசியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை ஆபரேஷன் போன்றவை உடனே உயிரை எடுக்காது, ஆனால் ஆளை உட்காரவிடாமல் படுத்தும். அரசு மருத்துவமனையில் அவசர கேஸ்களுக்கு முன்னுரிமை போகும், இவை வரிசையில் நிற்கும். பாலிசி இருந்தால் நாம் தேதி குறிக்கலாம், டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம். கடையை எப்போது மூடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடிவது நம்மைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அதுபோக, குரூப் பாலிசியில் ‘பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே’ என்று ஏஜென்ட் சொன்னது உண்மையாகவே எழுத்தில் வந்தால், சர்க்கரையும் பிரஷரும் உள்ள மூத்த உறுப்பினர்களுக்கு அது பெரிய உதவி. தனியாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். முன்பு 48 மாதமாக இருந்ததை 2024இல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்தது.

சரி, இனி கேள்விகள். பாலிசி நோட்டீஸில் ‘அறை வாடகை: 1 சதவீதம்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 3 லட்சத்தில் 1 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேருகிறோம், 3,000 ரூபாய் அறை காலி இல்லை, 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் வாடகை 12,000 மட்டும்தானே கையிலிருந்து போகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. தகுதிக்கு மேற்பட்ட அறை எடுத்தால் ஆபரேஷன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், நர்சிங் என்று அறையோடு சேர்ந்து ஏறும் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டலாம். அவை ஒரு லட்சம் என்றால் 50,000 மட்டும்தான் தருவார்கள். மருந்துக்கும், உடம்பில் பொருத்தும் உபகரணங்களுக்கும், ஐ.சி.யு. கட்டணத்துக்கும் இந்த வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கில் 62,000 ரூபாய் நம் பையிலிருந்து போகும். கையுறை, முகக்கவசம் என்று ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ பட்டியலில் கழிப்பது தனி. டிஸ்சார்ஜ் அன்று சாயங்காலம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மச்சானுக்கும் சம்பந்திக்கும் போன் போடுகிறவர்களில் பாதிப் பேர் பாலிசி வைத்திருப்பவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது புதுப்பிப்பு. இந்த வருஷம் சொல்லும் பிரீமியம் இந்த வருஷத்துக்கு மட்டும்தான். நம் சங்கத்தில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். முதல் வருஷம் நான்கைந்து பைபாஸும் முழங்கால் ஆபரேஷனும் வந்தால், கட்டிய பணத்தில் எத்தனை சதவீதம் கிளெய்மாகப் போனது என்று கம்பெனி பார்க்கும், அடுத்த வருஷம் தொகையை ஏற்றும். ஏற்றினால் முப்பது வயதுக் கடைக்காரர் ‘எனக்கு எதற்கு’ என்று விலகுவார். விலகினால் மிச்சம் இருப்பது வயதானவர்களும் நோயாளிகளும். அதற்கடுத்த வருஷம் இன்னும் ஏறும். இதில் கம்பெனியைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, சின்னக் குழுவுக்கு எடுக்கும் காப்பீட்டின் இயல்பே அதுதான். அப்புறம், யாரும் கவனித்ததாகத் தெரியாத ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. குரூப் பாலிசிக்கு அந்தச் சலுகை இல்லை, 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ‘மொத்தமாக எடுத்தால் மலிவு’ என்ற கணக்கை இதைச் சேர்த்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

இனி மனு விஷயம். பாலிசி என்பது பெரும்பாலும் 24 மணி நேரம் படுக்கையில் சேர்ந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் ஏற்பாடு. டயாலிசிஸ், கண்புரை மாதிரி சில சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தில் மருத்துவச் செலவு என்பது பெரும்பாலும் படுக்கைக்கு வெளியே நடப்பது. மாதா மாதம் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, பிள்ளைக்குக் காய்ச்சல், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை. என் கடையில் நாலு மாத்திரை எழுதிய சீட்டைக் கொடுத்து ‘ரெண்டு மட்டும் கொடுங்க’ என்று கேட்பவர்களுக்கு எந்த பாலிசியும் உதவாது. மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது. 2013-14இல் அது 64.2 சதவீதம். குறைந்திருப்பது உண்மைதான், ஆனாலும் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது.

நாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கடையை மூடிவிட்டு வண்டியில் வீடு திரும்புகிற நமக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று அரசு நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். படுக்கையில் சேர வேண்டிய சிகிச்சை இல்லை என்பதால் பெரும்பாலான பாலிசிகள் இதில் கை கொடுக்காது. பாம்புக்கடி இன்னும் மோசம். நெல்லும் கரும்பும் விளைகிற மாவட்டம் இது. கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து பக்கத்தில் இருக்கிறதா, அதைப் போட ஒரு டாக்டர் இருக்கிறாரா என்பதில்தான் உயிர் இருக்கிறது. பாலிசி அட்டையில் எத்தனை லட்சம் எழுதியிருந்தாலும் அது ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டாக்டரை உட்கார வைக்காது. மனுவில் நாம் கேட்டது அந்த டாக்டரைத்தான்.

தமிழ்நாட்டில் இந்த அரசு அமைப்பு ஏதோ பேருக்கு இருப்பதும் இல்லை. மருந்தை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றியது அது. 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. என் வியாபாரத்தில் அதன் அடி எனக்குத் தெரிகிறது. நம் மாவட்டத்துக்கு இன்னொன்றும் கிடைத்திருக்கிறது: சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள் மூலம் இங்கே கொரோனா ஏறியபோது நோயாளிகளை வைத்துப் பார்க்க அந்தக் கட்டிடம் எவ்வளவு உதவியது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம்.

குறைகளை மறைக்கவில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை புறநோயாளிப் பிரிவுக்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அங்கே நல்ல வைத்தியம் கிடைக்கிறது, ஆனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி, நமக்கு ஒரு நாள் வியாபாரம். பணமாகக் கொடுக்காததை நேரமாகக் கொடுக்கிறோம். அங்கே கூட்டம் நெரிவதற்கு ஒரு காரணம், உள்ளூரிலேயே முடிய வேண்டிய சின்ன விஷயங்களுக்கும் நாம் அங்கே போவது. உள்ளூர் நிலையத்தில் இரவு டாக்டர் இருந்தால் அதில் ஒரு பகுதியாவது இங்கேயே முடியும்.

‘வெளிநாட்டில் எல்லோரும் இன்சூரன்ஸில்தான் வைத்தியம் பார்க்கிறார்கள்’ என்று ஏஜென்ட் தம்பி கூட்டத்தில் சொன்னாராம். தூரம் போக வேண்டாம், புதுச்சேரியில் சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களில், கேட்டுப் பாருங்கள். பாரிஸில் இருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கு இருப்பதும் இன்சூரன்ஸ்தான். ஆனால் அது 1945இல் அரசு கொண்டுவந்த ‘செக்யூரித்தே சொசியால்’ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டம். எல்லோருக்கும் கட்டாயம், சம்பளத்துக்குத் தகுந்தபடி பிடித்தம். வயசு என்ன, நோய் என்ன என்று பார்த்துத் தொகையை ஏற்றுவதில்லை. சர்க்கரை மாதிரி நீண்டகால நோய் என்றால், நிர்ணயித்த கட்டணத்தில் முழுச் செலவையும் அதுவே ஏற்கிறது. தனியார் பாலிசி அதற்கு மேல் போட்டுக்கொள்ளும் மேல்துண்டுதான். நம் சங்கம் செய்யப் பார்ப்பது, வேட்டியை விட்டுவிட்டு மேல்துண்டை மட்டும் வாங்குவது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. குரூப் பாலிசி உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும். நம் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். பிரீமியத்தை அரசு கட்டுகிறது. நாம் விலைக்கு வாங்கப் போவது 3 லட்சம், கடைப்பிள்ளைக்குச் சும்மா கிடைக்கக்கூடியது 5 லட்சம். ஆனால் அட்டை எடுக்காமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். பத்துப் பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் பெரிய கடைகள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு விஷயத்தைப் பேசுவதே இல்லை. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டினால், மாத்திரையும் புறநோயாளி சிகிச்சையும்கூட அதில் வந்துவிடும். பெயர் சொல்லவில்லை, அவரவர் கடையை அவரவருக்குத் தெரியும்.

அரசா, இன்சூரன்ஸா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லவில்லை. முதலமைச்சர் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளுக்கும் கிளெய்ம் பணம் போகிறது, அதில் உபகரணங்களும் வாங்குகிறார்கள். இரண்டும் அங்கே கலந்தே இருக்கின்றன. எனக்குப் பயம் வேறு இடத்தில். பெட்டிக்கடை அக்காவோ கொத்தனாரோ போய்ச் சொன்னால் ‘பார்க்கலாம்மா’ என்று அனுப்பிவிடுவார்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிப் போனால் டாக்டர் ஏன் இல்லை என்பதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நமக்கு பாலிசி வந்துவிட்டது என்று நாம் நகர்ந்துவிட்டால் அந்த நிலையத்துக்காகக் கேட்க ஆள் இல்லாமல் போகும். பிரீமியம் கட்டமுடியாத அளவுக்கு ஏறும் வருஷத்தில் நாமும் அங்கேதான் போய் நிற்போம்.

ஆகவே பொதுக்குழுவில் மனுவை முதல் பொருளாக வையுங்கள். பாலிசி இரண்டாவதாக வரட்டும். அறை வாடகை வரம்பை எடுத்துவிட முடியுமா, அடுத்த வருஷம் எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றமாட்டார்கள், ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் எவ்வளவு, சங்கம் பாலிசியை நிறுத்தினால் உறுப்பினர்கள் அதே கம்பெனியில் தனி பாலிசிக்கு எப்படி மாறுவது, இதற்கெல்லாம் ஏஜென்டிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கடைப்பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திட்ட அட்டை எடுக்க ஒரு நாளைச் சங்கமே அறிவித்து லீவு கொடுக்கலாம்.

மனுவின் நகல் என் கடையில் இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வந்து போடலாம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போக ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். தலைவரும் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்,
மருந்துக்கடை, திருப்பாதிரிப்புலியூர்