விழுந்தால் எழுந்து நிற்காதே

கண்ணம்மாவுக்கு,

ராஃப்டிங் போகிறேன் என்றாய், ரப்பர் படகில் வேகமான ஆற்றில் இறங்குவது. தாராளமாகப் போய் வா. பணம் கட்டும் முன் அந்த ஆறு என்ன கிரேடு என்று கேள். எளிதான 1 முதல் மிகக் கடினமான 6 வரை உண்டு. கைடு கூட இருந்தால் முதல் தடவைக்கு 3 போதும். மேலே மழை பெய்து தண்ணீர் ஏறினால் அதே ஆறு இன்னொரு கிரேடுக்குப் போய்விடும். அன்றைக்குப் போக வேண்டாம் என்று கைடு சொன்னால் சண்டை போடாதே.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, எல்லா வார்களையும் இறுக்கியபின், தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல். காதுவரை ஏறினால் இன்னும் இறுக்கு. பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் குளிர் விடாது. துடுப்பின் மேல்நுனியில் ஆங்கில 'T' வடிவக் கைப்பிடி இருக்கும். அதைவிட்டு உள்ளங்கை விலகவே கூடாது. குலுங்குகிற ராஃப்டில் அது பக்கத்து ஆளின் பல்லைப் பெயர்த்துவிடும்.

தண்ணீரில் விழுந்தாயானால் மல்லாந்து படு. கால் இரண்டும் நீரோட்டம் போகும் திசையில், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்கத் தோன்றும். நிற்காதே! பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே செருகினால், முதுகில் மோதும் தண்ணீர் உன்னைக் குப்புறக் கவிழ்த்து அமுக்கிவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் தலை மேலே வராது. ஓட்டம் அடங்கிய இடத்தில், இடுப்பு தரையைத் தொட்ட பிறகு எழுந்தால் போதும்.

ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்துக்கு மட்டும் இதெல்லாம் நேர்மாறு. கிளைகளுக்கிடையே தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். விலகி நீந்தப் பார். முடியாதென்றால் குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க, மரத்தை நோக்கியே வேகமாக நீந்தி அதன்மேல் ஏறிவிடு.

உன்னை இழுக்கக் கயிறு அடைத்த பையை எறிந்தால், பையைப் பிடிக்காதே, கயிற்றைப் பிடி. பைக்குள் மிச்சக் கயிறு இருந்தால் அது உருவிக்கொண்டே வரும். கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். விட வேண்டிய நேரத்தில் விட முடியாது.

கைடு 'ஹை சைடு' என்று கத்தினால், ராஃப்ட் மோதிய பாறையின் பக்கமே எல்லாரும் பாய வேண்டும். பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம்தான் சாயும். அப்படிச் சாய்ந்தால் அந்த விளிம்பு தாழ்ந்து, தண்ணீர் ஏறி ராஃப்டைக் கவிழ்த்துவிடும். கரையில் இருக்கும்போதே இதை இரண்டு தடவை செய்து பார்க்கக் கைடிடம் கேள்.

மூக்குக் கண்ணாடிக்கு மறக்காமல் கயிறு கட்டிக்கொள்.

அப்பா