பெட்டியின் மேல் இழுவை எடையையும் அச்சிடுங்கள்

ரேடியோ கண்ட்ரோல் லாரியும் ஜீப்பும் செய்து விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் வண்டிகளை வாங்கி, பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்க வைக்கிறவர்களில் நானும் ஒருவன். வேகத்துக்காக வாங்குகிறவர்கள் வேறு. நாங்கள் நடை வேகத்தில், சுமையோடு, மேடு ஏறுவதற்காக வாங்குகிறோம். ஆனால் இதுவரை என் கைக்கு வந்த எந்தப் பெட்டியிலும் அந்த வண்டி எத்தனை கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கவில்லை. உச்ச வேகம் போட்டிருக்கிறது, பேட்டரி வகை போட்டிருக்கிறது, தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறது. இழுவை எடை மட்டும் இல்லை. அதையும் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் ஊர் லாரிகளின் பக்கவாட்டில் வெறும் வண்டியின் எடை, சுமையோடு மொத்த எடை எல்லாம் பெயின்டில் எழுதியிருக்கும். நாமக்கல்லில் பாடி கட்டிவரும் லாரிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அதனால் இழுவை லாரி என்று சொல்லி விற்கும் ஒன்றில் எடைக்கணக்கே இல்லாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

புதிதாக வருகிறவர்கள் முதலில் மோட்டாரைத்தான் கேட்கிறார்கள். உங்கள் விளம்பரங்களும் மோட்டாரைத்தான் முன்னால் வைக்கின்றன. 540 என்று அளவு குறிக்கும் வழக்கமான மோட்டாரே, கியர் சரியாக இருந்தால், இந்த வேலைக்குத் தாராளம். எல்லை விழுவது டயரில். 3 கிலோ வண்டி, 4 கிலோ டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் மூக்கு 400 கிராம் வண்டியின் மேல் அழுத்துகிறது. நான்கு சக்கரமும் இழுக்கின்றன, ரப்பரின் பிடிமானம் சக்கரத்தில் விழும் எடையில் 80 சதவீதம். 15 டிகிரி ஏற்றத்தில் இந்த ஜோடியைத் தூக்க சுமார் 1.8 கிலோ விசை வேண்டும், டயர் 2.6 கிலோ வரை தாங்கும், ஏறிவிடும். 25 டிகிரியில் தேவை கிட்டத்தட்ட 3 கிலோ, டயரின் பிடியோ 2.5தான். அந்த இடத்தில் எந்த மோட்டாரைப் போட்டாலும் சக்கரம் சும்மா சுற்றும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் பித்தளை எடை போடுவதும், பேட்டரியை முன்னால் தாழ்வாக வைப்பதும், மென்மையான ரப்பர் தேடுவதும் இதற்குத்தான். பின் அச்சுகள் மட்டும் இழுக்கும் டிராக்டர் லாரி (டிரெய்லரை இழுக்கும் முன்பகுதி லாரி) என்றால் கணக்கு இன்னும் கறாராகும். முன் சக்கரத்தில் விழும் எடை இழுவைக்கு உதவாது.

அப்புறம் கியர். உங்களில் சிலர் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், அதைச் சொல்லியே ஆகவேண்டும். 2017இல் வந்த ட்ராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4இல் போர்ட்டல் ஆக்சில், இரண்டு வேக கியர், ரிமோட்டிலிருந்தே போட்டு எடுக்கும் டிஃப் லாக் (ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு) மூன்றும் இருந்தன. போர்ட்டல் ஆக்சிலில் கடைசி கியர் குறைப்பு சக்கரத்தின் பக்கத்திலேயே நடப்பதால் அச்சின் நடுவில் உள்ள கிரவுன் பினியன் கியர் மேலும் ஜாயின்ட் மேலும் விழும் முறுக்கு குறைகிறது. லாக்கை எடுக்க முடிவது இழுவைக்காரனுக்குப் பெரிய வரம். லாக் போட்டபடி டிரெய்லரோடு வளைவில் திரும்பினால் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். டமியாவின் 1/14 (நிஜத்தின் நீளத்தில் பதினாலில் ஒரு பங்கு) லாரிகளில் மூன்று கியர் கொடுத்திருக்கிறார்கள். ஆர்சி4டபிள்யூடியின் ட்ரெயில் ஃபைண்டர் 2இல் நிஜ லாரி மாதிரியே ஸ்பிரிங் பட்டை. இவ்வளவு அக்கறையோடு கட்டுகிறவர்களுக்கு ஒரு எண்ணைச் சேர்த்து அச்சிடுவது பெரிய வேலை இல்லை.

நான் முன்பு வைத்திருந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. எவ்வளவு இழுக்கலாம் என்று எழுதிக் கேட்டேன். பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது என்று பதில் வந்தது. டிரெய்லரில் நிதானமான சுமையோடுதான் ஓட்டினேன். ஒருநாள் கியர்பாக்ஸைத் திறந்தபோது கிரீஸ் முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் துகள். நடுவில் இருந்த கியரின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்திமுனை மாதிரி மெலிந்திருந்தன. மற்ற கியர்கள் எல்லாம் இரும்பு, அந்த ஒன்று மட்டும் பிளாஸ்டிக். இத்தனை கிலோவுக்கு மேல் இழுக்காதே என்று ஒரு வரி இருந்திருந்தால் அதற்குள் ஓட்டியிருப்பேன், அல்லது முதலிலேயே இரும்பு கியர் வாங்கியிருப்பேன்.

கொக்கியில் விழும் எடையையும் சேர்த்துப் போடுங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்கவேண்டும் என்பது நிஜ வண்டிக்குச் சொல்லும் கணக்கு, இந்த அளவிலும் அது பொருந்துகிறது. அதற்குக் குறைந்து சுமை பின்னால் போனால் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி வண்டியையும் சேர்த்துத் திருப்பிவிடும். கூடினால் வேறு தொல்லை. கொக்கி பின் அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருக்கிறது, அச்சுகளுக்கு இடையே 31 செ.மீ. என்றால், 400 கிராம் அழுத்தும்போது முன் சக்கரத்தில் 100 கிராம் குறைகிறது. ஏற்றத்தில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காமல் போவது இதனால்தான். சமையலறைத் தராசை கொக்கி உயரத்துக்கு முட்டுக்கொடுத்து, டிரெய்லர் மூக்கை அதன்மேல் வைத்தால் எடை தெரிந்துவிடும். நாங்கள் அளந்துகொள்கிறோம். உங்கள் சேசிஸ் எவ்வளவு தாங்கும் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

ஆளுக்கு ஒரு விதமாகச் சோதித்து ஆளுக்கு ஒரு எண் போட்டால் பயனில்லை என்ற கவலை நியாயமானது. நிஜ பிக்கப் வண்டிகளிலும் அந்தக் குழப்பம் இருந்தது. 2008இல் அமெரிக்காவில் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற பொது விதியைக் கொண்டுவந்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் உள்ள நீண்ட ஏற்றத்தை, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, சுமையோடு குறைந்தபட்ச வேகம் குறையாமல் ஏறிக்காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு சோதனை. டொயோட்டா தன் 2011 டண்ட்ராவில் முதலில் அதை ஏற்றுக்கொண்டது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். உங்களுக்கு அணை வேண்டாம். 10 டிகிரி, 20 டிகிரி என்று இரண்டு பிளைவுட் சரிவு, ஒரு முழு பேட்டரி தீரும்வரை ஓட்டம், முடிவில் மோட்டாரின் சூடு. எல்லோரும் இதையே செய்தால் போதும்.

நாங்கள் அதிகம் கேட்கவும் இல்லை. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்று. நிஜ ஹைலக்ஸின் பல மாடல்கள் 3,500 கிலோ இழுக்கும் என்று அறிவிக்கப்பட்டவை. 1/10 அளவில் அது 3.5 கிலோ. 40 டன் லாரி 1/14 அளவில் 14.6 கிலோ வரும்.

இந்தியாவில் வாங்குகிறவருக்கு இது பண விஷயமும்கூட. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. ஸ்கேல் மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வசதி பல ஊர்களில் கிடையாது. பெட்டியில் உள்ள எழுத்தை நம்பித்தான் ஆர்டர் போடுகிறோம்.

ஆகவே இழுக்கும் எடை, கொக்கி எடை, முதல் கியரிலும் கடைசி கியரிலும் மொத்த கியர் விகிதம், எந்த கியர் எந்தப் பொருளில் செய்தது, இவ்வளவையும் அடுத்த மாடலின் பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிடுங்கள். சேசிஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் கொக்கிக்கு இரண்டு திருகு ஓட்டை போட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே விற்ற மாடல்களுக்கு உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் ஏற்றினாலும் சரி, நாங்கள் இறக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டிரெய்லர் இழுக்கும் ஒரு வாடிக்கையாளன்